கேட்காமல் வந்த செய்தி

தினசரிப் பத்திரிகை செத்துக்கொண்டிருக்கிறது என்று அழுகிறவர்களில் பெரும்பாலோர் தப்பான காரணத்துக்காக அழுகிறார்கள். காலையில் காபியோடு பேப்பர் இல்லாவிட்டால் பொழுது விடிந்த மாதிரியே இல்லை. அச்சு மையின் வாசனை போயிற்று. நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிற கம்பீரம் போயிற்று - இப்படி. இவையெல்லாம் பழக்கத்தின் புலம்பல். ஓலைச்சுவடி போனபோதும் யாராவது ஒருவர் எழுத்தாணியின் கீச்சொலியை நினைத்துக் கண்ணீர் விட்டிருப்பார். அதனால் தமிழ் நஷ்டப்பட்டுவிடவில்லை. உ. வே. சாமிநாதையர் போன்றவர்கள் ஏட்டிலிருந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவந்ததால்தான் சங்க நூல்கள் உங்களுக்கும் எனக்கும் படிக்கக் கிடைத்தன. காகிதமும் அப்படியே போகிறதென்றால் போகட்டும். பழைய பேப்பர்க் காரர் வேண்டுமானால் வருத்தப்படலாம்.

ஆனால் அந்தக் காகிதத்தின் மேல் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதை இனி யார் செய்வார்கள், செய்கிறவனுக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் தேட வேண்டுமானால் அது என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நாவலையும் சிறுகதையையும் உருவம், உள்ளடக்கம் என்று பிரித்துப் போட்டு விமரிசனம் செய்கிற நாம், தினமும் கையில் எடுத்த தினசரியின் உருவத்தைப்பற்றி அதிகம் யோசித்ததில்லை.

பெனடிக்ட் ஆண்டர்சன் என்ற அறிஞர் 1983-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் நாவலையும் தினசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் ஒரே காலத்தில் ஒரே தேசத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வை இரண்டும் உண்டாக்குகின்றன என்பது அவர் கட்சி. சரியான பார்வைதான். ஆனால் நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் நான் அதோடு ஒன்று சேர்த்துச் சொல்வேன்: இரண்டில் தினசரிதான் தந்திரமான உருவம். நாவலைக் கையில் எடுக்கிறவன் நாவல் படிப்பதற்காகத்தான் எடுக்கிறான். தினசரியை வாங்குகிறவனோ செய்திக்காக வாங்குவதில்லை.

ஒவ்வொருவராகப் பாருங்கள். பெண்ணுக்கு வரன் தேடுகிற தாய் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரத்துக்காக வாங்குகிறாள். நகைக்கடை வாசலில் நிற்கிறவனுக்குத் தங்கம் விலை வேண்டும். ஓய்வு பெற்ற பெரியவர் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களைத்தான் முதலில் பார்க்கிறார். தமக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று. காண்டிராக்டருக்கு டெண்டர் அறிவிப்பு, கல்லூரிப் பையனுக்குக் கிரிக்கெட், சாயங்காலம் சினிமாவுக்குப் போகிறவனுக்குக் காட்சி நேரம். இவர்களில் ஒருவர்கூட நேற்று நடந்த முனிசிபல் கூட்டத்தைப்பற்றித் தெரிந்துகொள்ளத் துடிக்கவில்லை. ஆனால் தங்கம் விலையைத் தேடி எட்டாம் பக்கத்துக்குப் போகிற வழியில் மூன்றாம் பக்கம் இருக்கிறது. அங்கே தண்ணீர்த் தொட்டி கட்டின காண்டிராக்டில் உறுப்பினர்கள் சண்டை போட்டுக்கொண்ட செய்தி கால் பத்தி கிடக்கிறது. கண் அதில் இடறுகிறது. இரண்டு வரி படிக்கிறான். 'அட, நம் தெருத் தொட்டியல்லவா!' என்று மிச்சத்தையும் படித்துவிடுகிறான். அவன் கேட்காமல் வந்த செய்தி அது. தினசரி என்ற உருவத்தின் உயிர் இந்த இடறலில்தான் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

இந்த உருவத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. பத்திரிகையின் விற்பனை விலையால் அதன் தயாரிப்புச் செலவை ஈடுகட்ட முடியாது. மிச்சத்தை விளம்பரம் கட்டியது. ஆனால் முனிசிபல் கூட்டச் செய்திக்குப் பக்கத்தில்தான் என் விளம்பரம் வரவேண்டும் என்று எந்த ஜவுளிக்கடைக்காரரும் கேட்டதில்லை. ஆகவே, வரன் தேடிய தாய் கட்டிய பணத்தில்தான் கோர்ட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த நிருபரின் பஸ் செலவு நடந்தது. அவளுக்கும் அது தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரியாமல் செய்கிற தர்மத்துக்குப் பலன் அதிகம் என்பார்கள். தெரியாமல் செய்ததால், அது நின்றபோதும் யாருக்கும் தெரியவில்லை.

தமிழில் இந்தக் கட்டு எப்படிக் கட்டப்பட்டது என்பது தனிக் கதை. எழுத்தாளர்கள் மறக்கக்கூடாத கதை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் சுதேசமித்திரனை வாரப் பத்திரிகையாகத் தொடங்கினார். 1899-ல் அது தினசரியாயிற்று. 1904-ல் பாரதியார் அங்கே உதவியாசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலத்தில் வந்த செய்திகளையும் பிரசங்கங்களையும் தமிழாக்குகிற வேலையைச் செய்தார். யாரென்றே தெரியாத வாசகனுக்கு, அவன் பண்டிதனா பலசரக்குக் கடைக்காரனா என்று தெரியாத நிலையில், நாளைக் காலைக்குள் புரியும்படி எழுதியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் தமிழ் உரைநடைக்கு அதற்குமுன் இந்த அளவில் இருந்ததில்லை. 1934-ல் டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தினமணி வந்தது. புதுமைப்பித்தன் அங்கே உதவியாசிரியர். சொக்கலிங்கமோ டால்ஸ்டாயின் மிகப் பெரிய நாவலைத் தமிழில் கொண்டுவந்தவர். நம் சிறுகதை பத்திரிகை ஆபீஸ் மேஜையில் வளர்ந்த பிள்ளை. தாயாதிகளைப்போல இப்போது விலகி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது நமக்கு அழகல்ல.

ஆனால் இந்தக் கலையில் மிகப் பெரிய வித்தகர் என்று நான் நினைப்பது சி. பா. ஆதித்தனாரைத்தான். 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியபோது, பேச்சில் வழங்குகிற சொல்லையே எழுத்திலும் போடவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கொலைச் செய்தியும் பெரிய எழுத்துத் தலைப்பும் பார்த்து இலக்கியக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். எழுதப் படிக்கத் தடுமாறியவன் எழுத்துக் கூட்டி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் படித்தான். படிக்கவே தெரியாத நாலு பேர் கேட்டார்கள். 1960-ல் தொடங்கின கன்னித்தீவு படக்கதைக்காகப் பேப்பரை எடுத்த பையன், சிந்துபாத் தப்பித்தானா இல்லையா என்று தெரிந்துகொண்டு (தப்பிக்கவில்லை, நாளைக்கும் பேப்பர் விற்கவேண்டுமே), பக்கத்தில் இருந்த சட்டசபைச் செய்தியையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனான். கொலைக்கும் படக்கதைக்கும் நடுவில் சட்டசபையை வைத்து ஊட்டினார் அவர். தேனில் குழைத்து மருந்து கொடுக்கிறதைப் போல என்று சொல்லலாம். தேன்தான் கொஞ்சம் அதிகம்.

இந்தக் கட்டை அவிழ்த்தது யாருடைய சதியும் அல்ல. 1995-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் என்பவர் தம் நண்பர்களுக்காக ஆரம்பித்த மின்னஞ்சல் பட்டியல், 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' என்ற பெயரில் வரி விளம்பரங்களைப் பெரும்பாலும் இலவசமாகப் போட ஆரம்பித்தது. 1997-ல் நம் ஊர்க்காரரான முருகவேல் ஜானகிராமன் கல்யாண வரன்களை இணையத்துக்குக் கொண்டுபோனார். அதே வருஷம் 'நௌக்ரி' வேலை விளம்பரங்களைக் கொண்டுபோயிற்று. பிறகு தங்கம் விலை போயிற்று, கிரிக்கெட் போயிற்று, சினிமா டிக்கெட்டே கைபேசிக்குள் போயிற்று. நேர்மையாகச் சொன்னால், போன ஒவ்வொன்றும் முன்னைவிட நன்றாகவே நடக்கிறது. நாலு வரிக்குள் பெண்ணின் நட்சத்திரம், படிப்பு, நிறம் எல்லாவற்றையும் சுருக்கி எழுதுகிற கொடுமை தாய்மார்களுக்கு இல்லை. ஆனால் கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போனபின் அடியில் தங்கியது என்ன? முனிசிபல் கூட்டம். அதை மட்டும் யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை.

இப்படித் தங்கிப்போனதால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். இந்த விஷயத்தில் நமக்கு வெகுதூரம் முன்னால் போய்விட்ட தேசம் அமெரிக்கா. அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் கற்பனை செய்து எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று பத்திராசிரியர் திருப்பியனுப்பியிருப்பார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மையத்திலிருந்து பத்து மைல் தூரத்துக்குள் பெல் என்று ஒரு சின்ன நகரம். இரண்டரைச் சதுர மைல். அப்போது முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஜனங்கள். பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள். உழைத்துவிட்டு வந்து தூங்குகிறவர்கள். ஊர் நிர்வாகத்தைக் கவனிக்க ராபர்ட் ரிஸ்ஸோ என்ற நிர்வாகி 1993-ல் நியமிக்கப்பட்டார். வருஷச் சம்பளம் 72,000 டாலர். நியாயமான சம்பளம்தான்.

2005 நவம்பரில் ஊரில் ஒரு விசேஷத் தேர்தல் வைத்தார்கள். நகரத்துக்குச் சொந்தமாக ஒரு சாசனம் வேண்டுமா என்று கேள்வி. கேட்பதற்குச் சுயராஜ்யம் மாதிரி இருக்கிறது. உண்மையில், உறுப்பினர்களின் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பிலிருந்து தப்பிக்கிற வழி அது. வோட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. சாசனம் நிறைவேறிற்று. 2010-ல் ரிஸ்ஸோவின் வருஷச் சம்பளம் 7,87,637 டாலர். அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளம் 4,00,000 டாலர்தான். போலீஸ் தலைவருக்கு 4,57,000. மாதத்துக்கு இரண்டு தடவை கூடிக் கலைகிற உறுப்பினர்கள் நாலு பேருக்குக் கிட்டத்தட்ட ஆளுக்கு லட்சம் டாலர். இதற்கெல்லாம் பணம்? அந்த மாவட்டத்திலேயே மிக உயர்ந்த சொத்துவரி விகிதங்களில் ஒன்று பெல் நகரத்துடையது. தோட்டவேலைக்காரன் ஓட்டிக்கொண்டு போகிற பழைய வண்டியைப் போலீஸார் சின்னக் காரணத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, நூற்றுக்கணக்கான டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

ஊரார் எல்லாரும் வாய்பேசாமல் இருந்துவிடவில்லை. 2008-ல் ஒருவர் நகரசபை ஆபீஸுக்குப் போய், சம்பளம் எவ்வளவு என்று எழுத்து மூலமாகவே கேட்டார். அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் இருந்த தொகைகள் பொய். பொய் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்து எங்கே போவார்? ஊருக்கென்று பத்திரிகை இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பெரிய பத்திரிகைதான். ஆனால் அதுவும் வருமானம் குறைந்து ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த காலம். பெல் கூட்டங்களில் நிருபர் உட்கார்வதில்லை. கூட்டங்கள் பூட்டின கதவுக்குப் பின்னால் நடக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். போய் உட்காருவதை உத்தியோகமாகக் கொண்ட ஒருவன் இல்லை, அவ்வளவுதான்.

2010-ல் ஜெஃப் காட்லீப், ரூபன் விவேஸ் என்ற இரண்டு டைம்ஸ் நிருபர்கள் பக்கத்து ஊரான மேவுட்டில் வேறு விவகாரத்தை விசாரிக்கப் போனார்கள். அங்கேதான் பெல் சமாசாரம் காதில் விழுந்தது. நிருபர்களுக்கும் அது கேட்காமல் வந்த செய்திதான்! ஜூலையில் செய்தி வெளிவந்தது. தோட்டக்காரர்களும் பாத்திரம் தேய்க்கிறவர்களும் நகரசபை வாசலில் வந்து நின்றார்கள். 2011 மார்ச்சில் உறுப்பினர்கள் அத்தனை பேரையும் மாற்றினார்கள். 2014-ல் ரிஸ்ஸோவுக்குப் பன்னிரண்டு வருஷச் சிறைத் தண்டனை. பத்திரிகைக்கு 2011-ல் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு. ஐந்து வருஷத்துக்கு முன்பே ஒரு சாதாரண நிருபர், நோட்டுப் புத்தகத்தோடு, கொட்டாவி விட்டுக்கொண்டாவது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் பரிசு கிடைத்திருக்காது. பரிசுக்கு விஷயமே இருந்திருக்காது.

பெல் ஊருக்காவது பக்கத்தில் ஒரு பெரிய பத்திரிகை இருந்தது. டென்வர் நகரத்தின் ராக்கி மவுண்டன் நியூஸ் நூற்றைம்பது வருஷம் நிறைய இரண்டு மாதம் இருக்கும்போது, 2009 பிப்ரவரி 27-ல் தன் கடைசி இதழை வெளியிட்டது. ஒஹையோவில் யங்ஸ்டவுன் ஊரின் விண்டிகேட்டர் 2019 ஆகஸ்டில் நூற்றைம்பதாவது வயதில் கண்ணை மூடியது. பெயரைப் பக்கத்து ஊர்ப் பத்திரிகை வாங்கிக்கொண்டது. 2005-க்குப் பிறகு இருபது வருஷத்துக்குள் அமெரிக்கப் பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் மறைந்துவிட்டன. 2005-ல் அவற்றின் விளம்பர வருமானம் ஏறக்குறைய 4,900 கோடி டாலர். 2020-ல் 1,000 கோடிக்கும் கீழே. இந்த எண்களைவிட எனக்கு ஸ்வாரஸ்யமாகப்பட்டது வேறொரு கணக்கு. மூன்று ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஓர் ஊரில் பத்திரிகை மூடப்பட்டால், அந்த ஊர் நிர்வாகம் வாங்குகிற கடனுக்கு வட்டி ஏறுகிறது: நூறு டாலருக்கு வருஷத்துக்கு ஐந்திலிருந்து பதினொரு சென்ட் வரை. கடன் கொடுக்கிறவன் இலக்கியம் படிக்கிறவன் அல்ல, ஜனநாயகத்துக்காக உருகுகிறவனும் அல்ல. கேட்பாரில்லாத ஊருக்குக் கொடுத்த பணத்துக்கு ஆபத்து அதிகம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஐந்து சென்ட்டைக் கட்டுகிறவர்கள், பேப்பர் வாங்குவதை நிறுத்தி மிச்சம் பிடித்த அதே ஜனங்கள்தாம்.

நம் ஊரில் அப்படியில்லை என்று சொல்லலாம். ஒரு விதத்தில் வாஸ்தவம். தமிழ்ப் பத்திரிகைகள் இன்னும் அச்சாகின்றன. 2013-ல்கூட இந்து குழுமம் தமிழில் ஒரு புதுத் தினசரியைத் தொடங்கியது. 2020 ஊரடங்கின்போது பேப்பரைத் தொட்டால் வியாதி ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து நிறுத்தின வீடுகளில் பல பிறகு திரும்ப வாங்கவில்லை. 2022-ல் உக்ரைன் யுத்தத்துக்குப் பின் காகித விலை ஏறிற்று. பக்கங்கள் மெலிந்தன. இருந்தாலும் மூச்சு இருக்கிறது.

ஆனால் நம் வியாதி வேறு வழியாக வந்தது. அமெரிக்காவில் கட்டைப் பிறர் அவிழ்த்தார்கள். இங்கே பத்திரிகைகளே தம் கட்டுக்குள் கையை விட்டன. 2009 தேர்தல் சமயத்தில், வேட்பாளரைப் புகழ்ந்து எழுத இவ்வளவு, எதிராளியைப்பற்றி எழுதாமலிருக்க இவ்வளவு என்று விலை வைத்து, விளம்பரத்தைச் செய்தி வேஷத்தில் போட்ட விவகாரம் இந்தியாவின் பல மாநிலங்களில் அம்பலமாயிற்று. பிரஸ் கவுன்சில் நியமித்த இரண்டு பேர் பெயர்களோடு நீண்ட அறிக்கை எழுதினார்கள். 2010-ல் கவுன்சில் அதை முழுசாக வெளியிட மனமில்லாமல் சுருக்கி வெளியிட்டது; முழு அறிக்கை வெளியே வர 2011 ஆயிற்று. பத்திரிகைகளைப்பற்றிய செய்தியைப் பத்திரிகைகளின் காவல்காரரே மூடி வைத்தது நல்ல நகைச்சுவை. மூன்றாம் பக்கத்தில் கண் இடறிய வாசகன், இடறியது கல்லிலா காசிலா என்று சந்தேகப்பட ஆரம்பித்தால் பிறகு அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

டெல்டாவில் ஒரு நகரத்தில் முப்பது வருஷம் பகுதி நேர நிருபராக இருந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எழுதுகிறாரோ இல்லையோ, தாம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே முனிசிபல் கூட்டத்தில் டெண்டர் வாசிக்கிற வேகம் குறையும் என்பார். ஆனால் அவருக்குப் பத்திரிகை சம்பளம் என்று கொடுத்ததைச் சம்பளம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீபாவளி வந்தால், பொங்கல் வந்தால் இத்தனை விளம்பரம் பிடித்துத் தரவேண்டும் என்று உத்தரவு வரும். ஊரில் விளம்பரம் கொடுக்கக்கூடியவர் யார்? காண்டிராக்டர். வாழ்த்துச் சொல்லிப் படம் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர் யார்? தலைவர். காலையில் யாரைப்பற்றி எழுதினாரோ அவர் வீட்டு வாசலில் சாயங்காலம் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கவேண்டும். பேனா மூடிக்கொண்டதில் ஆச்சரியம் என்ன? அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரை அங்கே நிறுத்திய ஏற்பாட்டின் மேல்தான்.

இவ்வளவு கோளாறு இருந்தும் பழைய கட்டு சில காரியங்களைச் சாதித்தது. பி. சாய்நாத் 1990-களின் முதல் பாதியில் இந்தியாவின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் அலைந்து எழுதினார். ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றில் உண்டு. கல்லுடைக்கிற பெண்களையும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்களையும்பற்றி அவர் எழுதியவை டைம்ஸ் ஆப் இந்தியாவில் வந்தன, 1996-ல் புத்தகமாயின. பம்பாயில் பங்குச் சந்தை விலை பார்க்கப் பேப்பரைப் பிரித்தவன் கையில், அவன் கேட்காமலே புதுக்கோட்டைக் கல்குவாரி வந்து விழுந்தது. அவன் மனம் மாறினானா என்பது வேறு. பார்க்கவில்லை என்று அவனால் சொல்ல முடியாது.

கைபேசியிலும்தான் கேட்காத செய்தி கொட்டுகிறதே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கொட்டுகிறது. கேட்காததுபோல் தோன்றும், உண்மையில் நாம் நேற்று எதைப் பார்த்தோம், எதற்குக் கோபப்பட்டோம் என்று கணக்கு வைத்துக்கொண்டு அதையே திரும்பக் கொடுக்கிறது. நண்பர் அனுப்பினார், மைத்துனர் அனுப்பினார் என்று வருவது இன்னொரு ரகம். 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் வெளி மாநிலத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாகத் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பரவியது. போளூருக்குப் பக்கத்தில், குலதெய்வக் கோவிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அவர்களில் வயதான அம்மாள் ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அந்த அம்மாள் இறந்துபோனார். அதே வருஷம் ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்குமேல் திருப்பி அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. ஆறாவது ஆளை விட்டுவிட்டால் வதந்தி செய்தியாகிவிடும் என்று நினைத்தார்கள்போலும்.

இந்த வதந்தி பழைய நாளில் பத்திரிகை ஆபீஸுக்கும் வந்திருக்கும். ராத்திரி வேலையில் இருக்கிற உதவியாசிரியர், எந்த ஊர், யார் குழந்தை, போலீஸில் புகார் உண்டா என்று உள்ளூர் நிருபரைக் கேட்டிருப்பார். நிருபர் திட்டிக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஒன்றுமில்லை என்று தகவல் வந்தால் செய்தி குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். பத்திரிகைகள் பொய்யே போட்டதில்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை, தாராளமாகப் போட்டிருக்கின்றன. ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார், ஆசிரியர் இன்னார், இன்ன தெரு, இன்ன எண். 1867-ம் வருஷத்திய வெள்ளைக்காரச் சட்டம் போட்ட விதி அது. நம்மைக் கண்காணிக்கத்தான் போட்டான். ஆயினும் அவதூறுக்கு ஆளானவன் வக்கீலை அழைத்துக்கொண்டு போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. போளூருக்கு வந்த செய்தியின் அடியில் அந்த வரி இல்லை.

சரி, பரிகாரம் ஏதாவது உண்டா? சில முயற்சிகள் நடக்கின்றன. அமெரிக்காவில் சால்ட் லேக் ட்ரிப்யூன் 2019-ல் லாப நோக்கமில்லாத தர்ம ஸ்தாபனமாக மாறி, வாசகர்களிடம் நன்கொடை வாங்குகிறது. இங்கே சாய்நாத்தே 2014-ல் கிராமத்து இந்தியாவுக்கென்று 'பாரி' என்ற இணையப் பத்திரிகையைத் தொடங்கினார். தமிழிலும் அதைப் படிக்கலாம். விளம்பரத்துக்குக் கைகட்டி நிற்காத பத்திரிகைகள். கட்டுரைகள் பலவும் முதல் தரம். குறை சொல்ல எனக்கு மனமில்லை; ஆனால் விமரிசனம் என்று எழுத உட்கார்ந்தபிறகு சொல்லித்தான் ஆகவேண்டும். அங்கே போய்ப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தேடிக்கொண்டு போகிறவர்கள். ஏற்கெனவே மனம் கனிந்தவர்கள். நன்கொடையும் அவர்கள்தான் தருகிறார்கள். கூட்டத்துக்கு நிருபரை அனுப்புகிற கூலிப் பிரச்னை இதனால் ஓரளவு தீரலாம். பங்குச் சந்தை விலை பார்க்கிறவன் இப்போது அதை மட்டும் பார்த்துவிட்டுக் கைபேசியைப் பையில் போட்டுக்கொள்கிறான். நடுவில் அவன் கடந்து போகவேண்டிய மூன்றாம் பக்கம் ஒன்று இருந்ததே, அதற்கு இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.